வாறன்

புயல் போன மூன்றாம் நாள், பள்ளிக்கூட முகாமின் சுவரில் ஒட்டியிருந்த காணாமற்போனோர் பட்டியலில் கணவன் சூசைதாசனின் பெயர் இல்லை. பிலோமினா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கொடுத்த பிஸ்கட் பெட்டியைப் பிரிக்காமல் கையில் வைத்தபடி நின்றாள். பக்கத்து வீட்டு எமில்டாதான் அவளை அலுவலரின் மேசைக்கு இழுத்துப்போனாள். தெற்கிலிருந்து வந்த சிங்களவர் அவர். ஆறு மாதப் பயிற்சியில் தமிழ் படித்த இளைஞர். பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். “இங்கே இருக்குதானே, அம்மா. புருசன் கடைசியா என்ன சொன்னது என்று நான் கேட்டது. ‘வள்ளத்தை இழுத்துக் கட்டிப்போட்டு வாறன்’ என்று சொன்னதாம். அதுதான் ‘வருகிறார்’ என்று போட்டது. வருகிற ஆளைத் தேடுறது இல்லைதானே?”

எமில்டா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ ராசா! எங்கட சனம் வாசல்ல நிண்டு போறன் எண்டு சொல்லுமோ? சவக்காலைக்குப் போறவனும் வாறன் எண்டுதான் சொல்லுவான்!”

அலுவலர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். தேடும் படகுகள் இன்று பின்னேரத்தோடு நிற்கப்போகின்றன, இப்போதே திருத்தினால் கடைசிப் படகுக்காவது பெயரைக் கொடுக்கலாம் என்றார். அவசரமாகக் கோடு போட அடிமட்டத்தை எடுத்து, ‘வருகிறார்’ என்ற சொல்லின் மேல் வைத்து, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

பிலோமினா அப்போதுதான் வாய் திறந்தாள். மூன்று நாளாக அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

“தம்பி, அதை வெட்டாமல் பக்கத்தில எழுதேலாதோ?”