வெள்ளைக் கூடை

மாதா கோயில் வாசலில் இரண்டு கூடைகள். அப்பா இருக்கிறவர்களுக்குச் சிவப்பு ரோஜா, இல்லாதவர்களுக்கு வெள்ளை.

தந்தையர் ஞாயிறு என்பது மேற்கு வெர்ஜீனியாவில் எவருக்கு உதித்த யோசனையோ, எங்கள் சுரங்க ஊருக்கு அது புதுசு. வெடிவிபத்து நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிவப்புக் கூடை அநேகமாக அப்படியே இருந்தது. வெள்ளைதான் மளமளவென்று குறைந்தது.

அசுந்தா வெள்ளையைத்தான் எடுக்க வேண்டும்.

ஊரறிய அவள் அப்பா டொனாட்டோ செத்துப்போனவர். கருகிக் கிடந்த ஓர் உடம்பின் இடுப்பில் அவருடைய எண் அடித்த பித்தளை வில்லை இருந்தது. சுரங்கக் குழிக்குள் இறங்குகிறவனுக்கு அந்த வில்லைதான் பெயர், முகம் எல்லாம். ஊரே அழுது புதைத்தது.

டொனாட்டோ இந்த நிமிஷம் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்திருக்கிறார்.

தெரிந்தால், கம்பெனியை ஏமாற்றியதற்கு அவருக்கு ஜெயில். விதவைக் குடும்பம் என்று கம்பெனி விட்டுவைத்திருக்கும் வீடும் போய்விடும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள், கை நடுங்கக் கூடாது என்று அம்மா காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கூடைகளுக்குப் பின்னால் சுரங்க மேஸ்திரியின் மனைவி கண்கொத்திப் பாம்பாக நின்றாள்.

அசுந்தாவின் கை சிவப்புப் பக்கம் போனது.

பின்னால் அம்மா இருமினாள். கை வெள்ளைக்குத் திரும்பியது. எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

அடுத்து நுன்ஸியா. பக்கத்து வீட்டுப் பெண், அசுந்தாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அப்பாவைக் காணோம். அன்றைக்கு அவருக்கு வேலைமுறை கிடையாது, செத்தவர்களில் அவர் பெயரும் இல்லை. குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டு எவளோடோ ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அசுந்தா மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நுன்ஸியா நிமிர்ந்து நின்று சிவப்பை எடுத்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் குத்திக்கொள்ளப் பார்த்தாள், ஊசி ஏறவில்லை.

"நீயே குத்தி விடுடி. யாரு என்ன வேணா பேசிக்கட்டும். எங்கப்பா எங்கயோ நல்லா இருக்காரு, வருவாரு."

அசுந்தா ஊசியை வாங்கினாள். கை எழவில்லை. அம்மா மறுபடி இருமினாள், இன்னும் பலமாக.

அசுந்தா தன் சட்டையிலிருந்த வெள்ளையைக் கழற்றினாள். தோழியின் கையிலிருந்த சிவப்பை வாங்கிக்கொண்டு வெள்ளையை நீட்டினாள்.

"உங்கப்பா ஓடிப்போகலடி. அன்னிக்கு எங்கப்பாவுக்குக் காய்ச்சல். வேல போயிடும்னு, அவரு வில்லைய மாட்டிக்கிட்டு உங்கப்பாதான் உள்ள எறங்குனாரு."

இருமல் நின்றுவிட்டது.

நுன்ஸியா வெள்ளை ரோஜாவை வாங்கினாள். பிறகு தானே குத்திக்கொண்டு, சிரித்தவர்கள் பக்கம் திரும்பி நின்றாள்.