இடமாகச் சுற்றிய கொடி

காற்று ஓயாத அந்தக் கிரேக்கத் தீவில் திராட்சைக்குப் பந்தல் நிற்காது. கொடியைத் தரையோடு வளைத்துக் கூடை போலப் பின்னிவிடுவார்கள். கொத்துகள் அதற்குள் பதுங்கிப் பழுத்து, பிறகு ஒயினாகும். ஸ்டமாத்திஸ் இடக்கைக்காரன். ஊர்க் கொடிகளெல்லாம் வலமாகச் சுற்ற, அவன் தோட்டத்தில் மட்டும் இடமாகச் சுற்றின. அவனைக் கடல் கொண்டுபோன பிறகு மனைவி கல்லிரோயி பின்னினாள். புதுக் கிளையை அவன் விட்ட போக்கிலேயே பின்ன வேண்டும். மாற்றித் திருப்பினால் முறிந்துவிடும். அவளுக்கோ வலக்கைப் பழக்கம். ஒவ்வொரு குளிர்காலமும் மண்டியிட்டு, மணிக்கட்டு நோக நோகத் திட்டுவாள்: "செத்த பிறகும் உன் இஷ்டப்படிதான் நடக்கணுமா?" இப்படியே அவள் தலை நரைத்தது. கொடிகளும் கிழடாகிக் காய்ப்பு நின்றது. கொழுந்தன் அர்கிரிஸ் கூடைகளை அடியோடு வெட்டினான். "வேர் நல்லாத்தான் இருக்கு அண்ணி, மறுபடி துளிர்க்கும். இனிமே உங்க கைக்கு வாகா சுத்திக்கலாம்" என்றான். அந்தக் குளிர் முழுக்க வெட்டிய கூடைகள் அவள் அடுப்பில் எரிந்தன. புதிதாகத் துளிர்த்த கிளை வளைக்கும் பதத்துக்கு வந்த அன்று, அதன் முன் மண்டியிட்டாள். வலக்கை தானாகவே அதை வலமாக வளைத்தது. கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல், அவ்வளவு லேசாக வளைந்து வந்தது. வழக்கம்போலத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், யாரைத் திட்டுவதென்று தெரியாமல் கொடியைப் பிடித்தபடியே இருந்தாள்.