காத்து வராத நகர்

பெருநகர் கிராமத்தில் பஸ் ஏறியதிலிருந்து சொக்கம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன் சீட்டில் பக்கத்து வீட்டு சசிரேகாவும் அவள் புருஷன் சுகுமாரும், சென்னைப் பக்கம் நேற்றுப் பார்த்துவிட்டு வந்த இரண்டு நகர்களில் எது தேவலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கடலோரமா கீதே, அந்த நகரு வேணாம்யா. சும்மா ஜிலுஜிலுன்னு காத்து வந்துகினே கீது. தெரு முச்சூடும் மரம்" என்றாள் சசிரேகா.

மழை வந்தால் வீட்டுக்குள் குண்டான் வைத்து ஒழுகல் பிடிக்கிறவளுக்குக் கடல் காற்று கசக்கிறதாம்!

"அப்ப மலையாண்ட கீறது?"

"அதான்யா எடம்! வரிசையா பங்களா, வாசலுக்கு ரெண்டு காரு. பேருக்குக்கூட ஒரு மரம் இல்ல. பத்து மணிக்கே இன்னா அனலு!"

ஏத்தத்தைப் பார்! சொக்கம்மாள் ஆத்திரத்தில் சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கு மூட்டையை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது.

சசிரேகா பதறித் திரும்பினாள். "ஐயோ, பாத்து அத்த! உள்ள பனங்காய் கீது."

"பங்களா வாங்கப் போறவளுக்குப் பனங்காய் எதுக்குடி?"

"பங்களாவா? அந்தத் தெருமுனையில குந்திகினு நுங்கு விக்கப் போறோம். ஜில்லுனு கீற எடத்துல எவன் அத்த நுங்கு வாங்குவான்?"

சொக்கம்மாள் விரலை நீவிக்கொண்டே சொன்னாள்:

"உத்திரமேரூர்ல எறங்குனதும் ரெண்டு வெட்டிக் குடுடி. ஏறுனதுலேர்ந்து வயிறு எரியுது."