மூன்றில் ஒரு பங்கு

முன்னாள் கணவன் கோமதிநாயகத்துக்குத் தமயந்தி பார்க்கும் ஒன்பதாவது பெண் இது. பாத்திரக்கடை நொடித்துப்போய் அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்தும் கூட்டுக் கடன் தொலையவில்லை. விவாகரத்துக்குப் பிறகும் ஆளுக்குப் பாதி. இருவரில் யார் மறுமணம் செய்தாலும், புதிதாக வருகிறவர் அந்தக் கடனில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்பது சட்டம். தனக்கு இன்னொரு கல்யாணம் என்றாலே தமயந்தி பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவாள். அதனால் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்குச் சாயம் பூசி, பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்திருந்தாள்.

"மாப்பிள்ளை தங்கமானவரு. ஏழு வருஷம் கூட இருந்து பாத்தவ சொல்லுதேன்," என்றாள்.

பஜ்ஜித் தட்டை நீட்டியவர், பெண் சிவகாமியின் முன்னாள் கணவர். அவர் தலையிலும் ஒரு பாதிக் கடன் இருந்தது.

"எங்க பொண்ணு அதுக்கும் மேல," என்றார் அவர். "எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டா. பேப்பரை நீட்டினா படிக்காமலே கையெழுத்துப் போட்டுருவா."

தமயந்தி பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள். கடைக்குக் கடன் வாங்கிய அன்று கோமதிநாயகமும் வங்கி மேனேஜரிடம் அவளைப் பற்றி இதையேதான் பெருமையாகச் சொன்னான்.

"பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்," என்றாள்.

கோமதிநாயகம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"நீங்க உக்காருங்க. பேசப் போறது நான்."

கைப்பையிலிருந்து பதினெட்டுப் பக்கக் கடன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சிவகாமியின் மடியில் வைத்தாள்.

"மொதப் பக்கத்துல இருந்து படிம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."