ராசியில்லாத எர்னி

தம்பி லெஸ்லியை எர்னி கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், ஏப்ரல் தொடக்கத்தில். லெஸ்லி தன் கட்டில் கம்பியில் நீல மஃப்ளரைக் கட்டி வைத்திருந்தான். நர்ஸ் அவிழ்த்தால் மறுபடி கட்டச் சொல்லி அடம்பிடிப்பானாம்.

ஹார்ஸ்டன் ஊரில் இரண்டு கால்பந்து கிளப், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. எர்னி பிறந்ததிலிருந்து சிவப்பு. லெஸ்லி நீலக்கார வீட்டில் பெண் எடுத்தவன். கல்யாணத்தோடு கட்சியும் மாறிவிட்டான். அண்ணனும் தம்பியும் அதன் பிறகு கால்பந்து தவிர வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருஷம் நீலம் முதலிடத்தில் இருந்தது. ஒன்பது புள்ளி முன்னிலை. ஐந்தே ஆட்டம் பாக்கி. கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் கோப்பை என்று ஒன்றைக் கையால் தொட்டதில்லை.

"கோட்டை விட்டுடுவீங்கடா," என்றான் எர்னி.

"இந்தத் தடவை மாட்டோம்." லெஸ்லி தலையணைக்கு அடியிலிருந்து நீல மைதானத்தின் சீசன் டிக்கெட்டை எடுத்து அண்ணன் கையில் வைத்தான். "என் சீட்டு காலியா இருக்கக் கூடாது. நீ போய் உட்காரு."

"நானா? என் ராசி தெரிஞ்சுமா?"

"தெரியும். போ."

எர்னியின் ராசி ஊருக்கே தெரியும். ஒருமுறை வெளியூர் ஆட்டத்துக்குச் சிவப்புக்காரர்களோடு பஸ்ஸில் போனான். நான்கு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த முறை போனான். கோல்கீப்பருக்குக் கால் உடைந்தது. அதன் பிறகு எப்போது கேட்டாலும் பஸ்ஸில் இடமில்லை என்பார்கள். ஜன்னல் வழியே காலி சீட்டுகள் தெரியும். எர்னியும் பார்க்காதது போல வீட்டுக்குத் திரும்பிவிடுவான்.

அந்த வாரமே லெஸ்லி போய்விட்டான்.

சனிக்கிழமை, மைதானத்தில் நீலக்காரர்களுக்கு நடுவே லெஸ்லியின் நீல மஃப்ளரோடு எர்னி உட்கார்ந்திருந்ததை, சிவப்புக்காரன் கிளைவின் மச்சான் பார்த்துவிட்டான். எர்னி பப்புக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

சிவப்புக்காரர்கள் கூடும் அந்த பப்பில், கல்லாவுக்கு மேலே ஆளுக்கொரு பியர்க் குவளை கொக்கியில் தொங்கும். எர்னியுடைய கொக்கி காலியாக இருந்தது. பப்பை நடத்தும் டோரின், எர்னியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு சாதாரண கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள்.

"தம்பி செத்தா அழு. யாரும் வேணாங்கல," என்றான் கிளைவ். "அதுக்காக நிறத்தை மாத்துவியா?"

டிக்கெட் விஷயத்தை எர்னி சொல்லவில்லை. சொன்னால் லெஸ்லியின் பெயர் அந்த மேசைகளில் உருளும்.

அவனோடு யாரும் பேசவில்லை. ஆனாலும் வந்தான். மனைவி போன பிறகு வீட்டில் பேச ரேடியோ மட்டும்தான். இங்கே மூலையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேசுவதாவது காதில் விழும்.

அவர்கள் பேசியதெல்லாம் நீலத்தின் வீழ்ச்சியைப் பற்றித்தான். முதலில் சமன். பிறகு தோல்வி. பிறகு இன்னும் இரண்டு தோல்வி. ஒன்பது புள்ளியும் கரைந்து, சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே தீரவேண்டும் என்று வந்து நின்றது. அதிலும் முடியவில்லை. கடைசி நிமிடத்தில், மழையில் நனைந்த பந்து கோல்கீப்பரின் கையிலிருந்து வழுக்கி உள்ளே போய்விட்டது.

அன்று மாலை பப்பில் நிற்க இடமில்லை. கோல்கீப்பர்தான் காரணம் என்றார்கள் சிலர். ஜெயித்துக்கொண்டிருந்த அணியை மாற்றிய மேனேஜர் என்றார்கள் சிலர். பெரிய கிளப் கூப்பிட்டதும் மனசு அங்கே ஓடிப்போன ஆட்டக்காரப் பையன் என்றான் ஒருவன். அவங்க ரத்தமே அப்படித்தான் என்றாள் டோரின்.

கிளைவ் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"இருங்கடா," என்றான். "அவங்க சொந்த மைதானத்துல மூணு மேட்ச். ஒண்ணுலகூட ஜெயிக்கல. மூணுலயும் அங்க போய் உட்கார்ந்திருந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் மூலைப் பக்கம் திரும்பின.

"நாம பஸ்ல ஏத்தாத ராசிய நேரா எதிரி வீட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சிருக்கான்யா இவன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல பாரு, கல்லுளிமங்கன்."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. ஆறு வாரமாக முகம் கொடுக்காதவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் எல்லா எதிரி கிளப்புக்கும் இவனுக்கு டிக்கெட் எடுத்துத் தரவேண்டும் என்றான் ஒருவன். டோரின் கல்லாவுக்கு அடியிலிருந்து எர்னியின் குவளையை எடுத்து, தூசியைத் துடைத்து, விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

கிளைவ் தோளில் கை போட்டான். "உன்னைத் தப்பா நினைச்சுட்டோம் எர்னி. மனசுல வச்சுக்காத. லெஸ்லி மட்டும் இருந்திருந்தா இன்னிக்கு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்? எழுந்து ரெண்டு வார்த்தை பேசு."

மேசைகளைத் தட்டினார்கள். எர்னி எழுந்தான். இல்லை என்பது போலத் தலையை ஆட்டினான்.

"அடக்கத்தைப் பாரு," என்றது ஒரு குரல்.

எர்னி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றான். மறுபடியும் காற்று.

"சந்தோஷத்துல பேச்சே வரல," என்று சொல்லி கிளைவ் கைதட்ட, பப் முழுவதும் கைதட்டியது.

அன்று பிற்பகல் மழையில் நின்று, கடைசி விசில் வரை நீலத்துக்காகக் கத்தியிருந்தான் எர்னி. தொண்டையில் மிச்சமிருந்தது அந்தக் காற்று மட்டும்தான்.