நான்காம் பக்கம்

அவையின் நடுமேசையில் சுருக்கெழுத்தாளர் அம்மாளின் பென்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. குடிநீர் மசோதா விவாதத்துக்கு அமைச்சர் எழுதிவைத்த பதிலை வாசிக்கிறார். வாசிப்பின் நடுவே அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். அந்தப் பென்சிலைத்தான் பார்ப்பார். அது ஓடும்வரை எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான்காம் பக்கத்துக்கு வருகிறார். "ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகவிடமாட்டோம்" என்கிறார். ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டுகிறது. எதிர்வரிசையில் ஒருவர் கொட்டாவியை முடித்துக்கொண்டு "வெட்கம்" என்கிறார். பக்கம் முடிந்து தாள் புரள்கிறது. "ஒரு சொட்டுத் தண்ணீர்கூட" என்று அமைச்சர் மறுபடி தொடங்குகிறார். நகலெடுத்தவர் நான்காம் பக்கத்தையே திரும்பத் திரும்ப அடுக்கிவிட்டார் போலிருக்கிறது. பென்சில் நிற்கிறது; அமைச்சரும் நிற்கிறார். விடை மறந்த பிள்ளையைப் போல விழிக்கிறார். பாவமாக இருக்கிறது அம்மாளுக்கு. குனிந்து எழுதுகிறாள். அவருக்கு உயிர் வருகிறது. அதே இடத்தில் மேசைகள் அதிர்கின்றன, அதே கொட்டாவிக்காரர் "வெட்கம்" என்கிறார். முறை மாற்றிக்கொள்ள வந்த சக எழுத்தாளர் காதருகே குனிகிறார். "அமைச்சர் எங்க இருக்காரு, அக்கா?" "நாலாம் பக்கம்." "நான் வாசல்ல வந்து நின்னப்பவே நாலாம் பக்கம்தானே?" "அது முதல் தடவை." "யாரும் ஒண்ணும் சொல்லலையா?" "கேட்டிருந்தாத்தானே சொல்றதுக்கு." மறுபடி தாள் புரள்கிறது. அமைச்சர் கையிலுள்ள தாளின் மேலே அதே 'ஒரு சொட்டு' வரி தெரிவதை ஓரக்கண்ணால் பார்த்த அம்மாள், எழுந்திருக்கும் முன் 'மேசை தட்டும் ஒலி' என்றும், அதன் கீழே 'வெட்கம்' என்றும் எழுதிவைக்கிறாள். தான் வாயைத் திறக்கும் முன்பே ஓடும் பென்சிலைப் பார்த்து அமைச்சர் தெம்பாக நிமிர்கிறார்.