ஓடட்டும்

மாரண்டஹள்ளியில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் சரத்துக்கு மனைவியை நினைத்தாலே பெருமை. மார்கழி பிறந்ததிலிருந்து அவன் வேலையின் மேல் தேன்மொழிக்கு அவ்வளவு அக்கறை.

“வெளிய போறேன். கம்ப்யூட்டரை நிறுத்திடவா?”

“வேணாங்க, ஓடட்டும். வேலை நடக்கட்டும்.”

அந்தப் பழைய கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு அடுப்பு போலக் கொதிக்கும், மாவு மில் போல இரையும். ஒரு வீட்டின் படம் முடிய விடிந்துவிடும். அவள் முகம் சுளித்ததே இல்லை. கரண்ட் பில்லைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. மேசையை உள்ளறைக் கதவோரம் அவளே நகர்த்திக் கொடுத்தாள்.

இவ்வளவு பொறுமைசாலியை இன்னும் சோதிக்கக் கூடாது என்று, அவளுக்குத் தெரியாமல் தர்மபுரி போய்ப் புதுக் கார்டு வாங்கி வந்து மாட்டினான். சூடு இல்லை, சத்தம் இல்லை. படம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. அன்று அவள் தூங்கியபின் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

காலையில் புதுக் கார்டு மாட்டியதைப் பெருமையாகச் சொன்னான். உடனே உள்ளறையைத் திறந்து பார்த்த தேன்மொழி அவன் பக்கம் திரும்பினாள்.

“பழைய கார்டு எங்கங்க?”

“கடையிலயே எடுத்துக்கிட்டாங்க. ஏன்?”

அவள் ஒரு மூங்கில் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். நறுக்கிப் போட்ட மல்பெரி இலை அப்படியே கிடந்தது. பட்டுப்புழுக் குஞ்சுகள் குளிரில் விறைத்துக் கிடந்தன.

“இதுங்களுக்கு ஹீட்டர் வேணும்னு ஒரு நாளாச்சும் உங்களைக் கேட்டனா? நல்லா ஓடிட்டு இருந்ததைப் போய் மாத்திட்டீங்களே.”